ஆளிவிதை இட்லிப் பொடி: விதை வாங்குங்க, பாக்கெட்டை நம்பாதீங்க

சேலம் செவ்வாய்பேட்டை மளிகைக் கடைகளுக்கு நடுவில் சிறுதானியம், நாட்டு மருந்து விற்கிற ஒரு கடை. பேர் வேண்டாம். 200 கிராம் பொடி 130 ரூபாய்.

முதல் பாக்கெட் அருமை. மிளகாய், பூண்டு, பெருங்காயம், கூடவே கறுப்பு எள். ஆளியின் வழவழப்பு நாக்கில் தெரியவே இல்லை. எங்க வீட்டுக்காரர் தட்டுவடை செட்டில்கூடத் தூவிப் பார்த்தார். அது மட்டும் சரிப்படவில்லை.

இரண்டாவது பாக்கெட்டைத் திறந்ததும் பையன் சொன்னான்: "அம்மா, என் பேட்டுக்குத் தடவுற எண்ணெய் வாசம்." சரியாத்தான் சொன்னான், அந்த லின்சீட் எண்ணெயே ஆளிவிதையில் ஆட்டுவதுதான். அரைத்து வைத்தால் சீக்கிரம் காறிப்போகும். பாக்கெட்டில் அரைத்த தேதியே இல்லை, கடையில் வெயில் படுகிற தட்டில் அடுக்கியிருக்கிறார்கள்.

முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார்கள். யாருக்கு என்று கேட்டார் கடைக்காரர். அண்ணிக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, அது திரும்பாமல் இருக்க டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். உடனே சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை டப்பா வெளியே வந்தது. "பொடியை விட இது பத்து மடங்கு கேக்கும்க்கா." பொடி பாக்கெட்டிலேயே 'மார்பகப் புற்றுநோயை விரட்டும்' என்று பச்சை எழுத்து வேறு!

எனக்கு வந்ததே கோபம். சிலவகை மார்பகப் புற்றுநோயை வளர்க்கிற பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். சோயாவில் அது இருக்குமோ என்று பயந்து அண்ணி ஒரு வருஷம் சோயா மீல்மேக்கரைத் தொடவில்லை. அப்புறம் டாக்டர்தான் விளக்கினார்: சோயாவில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் சாயல் உள்ள, அதைவிட ரொம்ப வீரியம் குறைந்த ஐசோஃபிளேவோன் என்ற சத்து, மீல்மேக்கர், டோஃபு சாப்பாடாகச் சாப்பிடலாம், அதையே பிழிந்தெடுத்த மாத்திரை மட்டும் வேண்டாம். ஷாங்காயில் இந்தப் புற்றுநோய் வந்து மீண்ட 5,042 பெண்களைக் கவனித்து 2009-இல் வந்த ஆய்வில், சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்ததாம். அதற்காக அது மருந்தாகிவிடுமா? டாமோக்சிஃபெனுக்குப் பதில் இட்லிப் பொடியா?

ஆளியில் இருப்பது லிக்னான், அதுவும் இதேபோல் ஈஸ்ட்ரோஜன் சாயல் உள்ள சத்துதான், எள்ளிலும் உண்டு. குடலில் இருக்கிற கிருமிகள்தான் அதை மாற்றி உடம்புக்குத் தருகின்றன. முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும், அதனால் பொடிப்பது அவசியம்.

இப்போது அதே கடையில் முழு விதைதான் வாங்குகிறேன். வெறும் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். விதைக்கு 4 ஸ்டார், பொடிக்கு 2. விதையில் பொடிக்கல் கிடக்கிறது, புடைத்துவிட்டு வறுங்கள்.