மலைவீட்டுப் பாட்டை எம்பி3 ஆக்குதல்: ஆடாசிட்டியும் லேமும், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நீலகிரியில் வீட்டிலேயே பாட்டைப் பதிந்து, இணையவழியில் போட்டிக்கோ வானொலிக்கோ அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கருவிகள் இரண்டே: ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், அதற்குள் இருந்து பாட்டை எம்பி3 ஆகச் சுருக்கும் லேம் என்கோடர். 2019-இல் வந்த 2.3.2 பதிப்பிலிருந்து லேம் கூடவே வருகிறது, தனியாக இறக்க வேண்டாம். 2017-இல் வெளியான லேம் 3.100 இன்றைக்கும் தாராளமாகப் போதும்.

எம்பி3 கெட்டுவிட்டது என்று வருத்தப்படும் கோப்புகளைத் திறந்து பார்த்தால், பல நேரம் குற்றம் என்கோடரில் இல்லை, கூரையில் இருக்கிறது. தகரத்தில் விழும் மழை, தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை எங்கும் பரவும் இரைச்சல். எது பாட்டு, எது மழை என்று என்கோடருக்குத் தெரியாது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற பிட்ரேட்) என்று அளந்து கொடுத்ததில் நல்ல பங்கை மழைக்கே செலவழித்துவிடும். மிச்சத்தைத்தான் குரலும் ஜால்ராவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விபிஆரில் (ஒலிக்கு ஏற்பப் பிட்ரேட் கூடிக் குறையும் முறை) ஏற்றினால் இது கண்ணுக்கே தெரியும்: அதே பாட்டு, அதே நீளம், அதே 'ஸ்டாண்டர்ட்' தரம்; ஆனால் மழை இரவில் பதிந்த கோப்பு தை மாதப் பனி இரவில் பதிந்ததைவிடப் பெரிதாக வரும்.

ஆகவே நாள் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடி ஆகாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஆகாது. பதிந்தபின் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு மழையை எடுத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் ஃபேன் போல ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு மட்டுமே அது உதவும். அதற்கும் 6 முதல் 8 டெசிபல் போதும். கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும். எம்பி3 ஆனதும் அந்தக் குழறல் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். காற்றின் உறுமலுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) போடலாம். மிருதங்கம் இருந்தால் 40-க்கு மேல் போகாதீர்கள், தொப்பியின் கனம் போய்விடும்.

கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குளிரில் இருந்த மைக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் அரைமணி நேரம் விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

ஏற்றுமதிக்கு முன் உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும். சுருக்கும்போது அலையின் வடிவம் சற்று மாறி உச்சம் எகிறும். பூஜ்யம்வரை ஏற்றி வைத்திருந்தால் தவில் அடி பிசிறடிக்கும். 24 பிட்டில் பதிந்ததை இடையில் 16 பிட்டாக்க வேண்டியதில்லை, நேராக லேமுக்குக் கொடுக்கலாம்.

பிட்ரேட் விஷயத்தில் எங்கள் தீர்ப்பு: அனுப்புவதற்கு சிபிஆர் (பிட்ரேட் மாறாத முறை) 192, வீட்டில் கேட்க விபிஆர் ஸ்டாண்டர்ட். விபிஆரில் அதே அளவுக்குத் தரம் கூடுதல்தான். ஆனாலும் பாட்டை ஏற்றும் சில இணையப் படிவங்கள் அதன் நீளத்தைத் தப்பாகக் கணக்கிட்டு, நேர வரம்பு மீறியதென்று தள்ளிவிடுகின்றன. 128-இல் லேம் சுமார் 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடும். முதலில் அடிபடுவது ஜால்ராவின் மினுமினுப்பு. 'கிணீர்' என்பது 'சிஷ்' என்று கேட்கும். அடுத்தது மோர்சிங், கடம்: ஒவ்வொரு அடிக்கும் சற்று முன்பே ஒரு நிழல்சத்தம் எழும். ஒற்றைக் குரலும் தம்பூராவும் மட்டும் என்றால் 128-இலேயே குறை தெரியாது. ஒரே மைக்கில் பதிந்ததை மோனோ ஆக்கி 96 கொடுத்தால் பாதி இடம் மிச்சம். ஸ்டீரியோதான் வேண்டும் என்று விதி இருந்தால் 'ஜாயின்ட் ஸ்டீரியோ' (இரு பக்கத்துக்கும் பொதுவானதை ஒருமுறையே பதியும் முறை) வையுங்கள்.

கணக்கு எளிது. 192 கேபிபிஎஸ் என்றால் நிமிஷத்துக்கு 1.44 எம்பி (மெகாபைட்). 7 நிமிஷப் பாட்டு 10.08 எம்பி ஆகும். 10 எம்பி வரம்புள்ள படிவத்தில் மயிரிழையில் மாட்டிக்கொள்ளும். அங்கே 160-க்கு இறங்கினால் 8.4. அட்டைப்படத்தையும் கவனியுங்கள்: 3000 பிக்சல் படத்தை உள்ளே ஒட்டினால் அதுவே ஓரிரு எம்பி தின்னும். 600 பிக்சல் போதும்.

பாட்டின் பெயர், பாடியவர் பெயரைத் தமிழில் தாராளமாக எழுதலாம். இந்த விவரங்களை எம்பி3-க்குள் எழுதும் முறையான ஐடி3-யின் பழைய முதல் பதிப்பில் ஒரு தகவலுக்கு 30 பைட்தான், தமிழுக்கு வழியும் இல்லை. அங்கே கேள்விக்குறிகளாகத்தான் நிற்கும். 2.3 பதிப்பு பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒழுங்காகத் தெரிகிறது. கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

எம்பி3-யைத் திறந்து வெட்டி, மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் இழப்பு கூடும். மூலத்தை ஃப்ளாக்காக (இழப்பில்லாமல் சுருக்கும் கோப்பு வகை) வைத்திருந்து, திருத்தம் வந்தால் அதிலிருந்தே புதிதாக எடுங்கள். கூடப் பாடியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அல்லாமல் 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் கோப்பு உள்ளபடியே போகும்.