பனிக்கோட்டினைத் தொடர்ந்து செல்லும் குளிர்காலங்கள்: கருவிகளோடு என் நீண்ட அனுபவம்

குளிர்காலத்தின் முதல் சில வாரங்களில் விழும் பனியைப் பின்தொடர, முன்னறிவிப்பு வரைபடங்கள், ரேடார், செயற்கைக்கோள் படங்கள், மலையோரக் கேமராக்கள், முற்றத்தில் கிடக்கும் ஒரு மரப்பலகை எனப் பலவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எது எதற்கு உதவும், எதை எவ்வளவு நம்பலாம் என்று புதிதாக வருபவர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: நடுக்குளிர்காலத்தில் எத்தனை சென்டிமீட்டர் விழும் என்று கேட்கலாம். பருவத்தின் தொடக்கத்தில் கேட்க வேண்டியது, எந்த உயரம் வரை இறங்கும் என்பது. மழை பனியாகும் அந்த உயரக் கோட்டினை, அதாவது பனிக்கோட்டினை, எது சரியாகக் காட்டுகிறதோ, அதுவே நல்ல கருவி.

தொடக்கக் காலப் பனி உறைநிலையின் விளிம்பில் நடக்கும் விவகாரம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கணிப்பு ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் பனிக்கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலோ கீழோ போய்விடும். ஒரு மலைச்சரிவில் அது சின்ன விஷயமில்லை. மேல்தெரு வெள்ளையாகவும் கீழ்த்தெரு வெறும் சேறாகவும் இருக்கும். செதில்கள் உருக நேரம் எடுப்பதால், பூச்சிய டிகிரி மட்டத்துக்குக் கீழே சுமார் 200 முதல் 300 மீட்டர் வரையிலும் பனி பனியாகவே வந்து சேரும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால், முன்னறிவிப்பில் உறைநிலை மட்டத்தைப் பார்த்தவுடனே நம் இடம் உள்ளே வருமா வெளியே நிற்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, பொழிவே தன் பாதையைக் குளிர்வித்துக்கொள்வது. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் உறிஞ்சுகிறது. வலுத்துப் பெய்யும் மழை குறுகிய பள்ளத்தாக்கில் சிக்கும்போது, அந்தக் காற்று முழுவதும் பூச்சிய டிகிரியை நோக்கி இறங்குகிறது. பனிக்கோடும் கூடவே இறங்குகிறது. முதலில் தகரக் கூரையில் சடசடவென்று மழை. பிறகு ஒலி மங்கி, கண்ணாடியில் விழும் துளிகளின் நடுவே கசங்கிய வெள்ளைத் திட்டுகள் தெரியும். சற்று நேரத்தில் கூரையில் ஓசையே இருக்காது. இந்த மாற்றத்தை நேரில் பார்ப்பதற்காக நள்ளிரவில் எழுந்து உட்காரலாம், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்னறிவிப்பு வரைபடங்களுக்கு வருகிறேன். எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்று ஊதாவும் சிவப்புமாகத் தீட்டிக் காட்டும் படங்களைப் பருவத் தொடக்கத்தில் நான் திறப்பதே இல்லை. அவற்றில் பல, ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்ற பத்துக்கு ஒன்று கணக்கை எல்லா இடத்துக்கும் ஒரேபோலப் போடுகின்றன. ஈரம் மிகுந்த முதல் பனியில் அந்த விகிதம் ஐந்து அல்லது ஆறாகச் சுருங்கிவிடும். கடுங்குளிரில் இருபதையும் தாண்டும். சூடு மிச்சமிருக்கும் தரையில் விழுந்த உடனே உருகிப்போவதையும் அவை சேர்த்தே கூட்டுகின்றன. போதாக்குறைக்கு, ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையத்தின் கணினி மாதிரி உலகை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. அந்தக் கட்டத்துக்குள் உங்கள் பள்ளத்தாக்கும் அதன் பக்கத்து முகடும் ஒரே மேடாகச் சமப்பட்டிருக்கும். அதே மாதிரியின் உறைநிலை மட்டத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் நல்ல பலன் கிடைக்கிறது.

ஈரப்பதம் ஏன் என்றால், காற்று வறண்டிருக்கும்போது விழும் செதிலின் ஒரு பகுதி ஆவியாகி அதைக் குளிர்வித்துக் காக்கிறது. அதனால் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதும் பனி விழலாம். பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று எவ்வளவு வரை குளிர முடியுமோ அந்த அளவு. அது ஒரு டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

ரேடாரை அளவோடு நம்புங்கள். உருகத் தொடங்கிய செதில்கள் மேலே நீர்ப்படலம் பூத்துப் பெரிய துளிகளைப்போல அலைகளைத் திருப்பி அனுப்புவதால், உருகும் அடுக்கு திரையில் கனமழையாக மின்னும். அந்தப் பிரகாசமான வளையம் உண்மையில் ஒரு பரிசு: பனி எந்த உயரத்தில் உருகுகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. தொலைவு கூடக்கூட வேறு சிக்கல் வரும். அரை டிகிரி சாய்வில் செல்லும் ரேடார் கற்றை, 100 கிலோமீட்டர் தாண்டும்போது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். தாழ்வான மேகத்திலிருந்து விழும் பனி அதன் கண்ணில் படவே படாது.

கேமராக்கள் எளிமையானவை, ஆனால் நான் அதிகம் திறப்பது அவற்றைத்தான். அடிவாரம், நடுச்சரிவு, கணவாய் என்று ஒரே சாலையில் வெவ்வேறு உயரங்களில் இருக்கும் கேமராக்களை வரிசையாகத் திறந்து வைத்தால் பனிக்கோடு கண்ணெதிரே நகர்வது தெரியும். சாலையை விட்டுவிட்டுப் புல்லைப் பாருங்கள். முதலில் வெளுப்பது புல்தான்.

ஒரு வட்டாரம் முழுவதும் எப்படி வெளுத்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குச் செயற்கைக்கோள் படங்கள் பெருவிருந்து. நாசாவின் வேர்ல்டுவியூ என்ற படத்தளம் இலவசம். சாதாரண நிறப் படத்தில் மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. ஆனால் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது, நீர்த்துளி மேகம் திருப்பி அனுப்புகிறது. இதனால் டெர்ரா செயற்கைக்கோளின் 3-6-7 அலைவரிசைப் படத்தைத் தேர்ந்தெடுத்தால், பனி மூடிய நிலம் சிவப்பாகவும் நீர்த்துளி மேகம் வெண்மையாகவும் பிரிந்து நிற்கும். மேகம் கலைந்த மறுநாள் காலையில் இதைத் திறந்து பார்க்க வேண்டும். மலைத்தொடரின் நரம்புகள் ஒவ்வொன்றும் சிவந்து, பள்ளத்தாக்குகள் மட்டும் இருண்டு கிடக்கும். இன்னும் நெருங்கிப் பார்க்க ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 10 மீட்டர் நுணுக்கத்தில் பனிக்கோடு எந்தத் தோப்பின் ஓரத்தில் முடிகிறது என்பது வரை தெரியும். தினமும் படம் வராது என்பது குறை. டெர்ராவின் பழைய படங்கள் 2000ஆம் ஆண்டு வரை பின்னோக்கிக் கிடைப்பதால், இந்த ஆண்டின் முதல் வெண்மையை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட முடியும்.

பெரிய ஏரிகளுக்கோ கடலுக்கோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பருவத் தொடக்கத்தில் நீர் இன்னும் சூடாக இருக்கும். நீரின் மேற்பரப்பும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரக் காற்றும் 13 டிகிரி அல்லது அதற்கு மேல் வேறுபட்டால், குறுகிய பட்டைகளாகப் பனி கொட்டும். 2022 நவம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரிக் கரையோரத்தில் ஆர்ச்சர்டு பார்க்கில் விழுந்த பனி சுமார் 2 மீட்டர். பட்டைக்குச் சில கிலோமீட்டர் வெளியே வெயில்கூட அடிக்கலாம். இங்கே உயரக் கணக்கு பின்னுக்குப் போய்விடும். காற்றின் திசையே எல்லாம்.

இத்தனைக்கும் பிறகு, விலை மிகக் குறைந்ததும் என் மனத்துக்கு மிக நெருக்கமானதும் அந்த மரப்பலகைதான். சுமார் 40 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளை வண்ணம். கறுப்பாக இருந்தால் வெயிலை வாங்கி உருக்கிவிடும். பனி நின்றதும் அளவுகோலைச் செங்குத்தாக இறக்கிப் படித்து, பலகையைத் துடைத்துப் புதுப் பனியின்மேல் மீண்டும் வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது. அடிக்கடி துடைத்தால் பனி தன் எடையில் அமுங்க வாய்ப்பின்றி மொத்தம் பொய்யாகப் பெருகும். ஈரப்பனியை உருக்கி அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள். கிளைகள் ஏன் முறிந்தன, மின்கம்பிகள் ஏன் தாழ்ந்தன என்பதற்கு ஆழத்தைவிட அந்த எண்தான் நேர்மையான விடை. இப்படித் தன்னார்வலர்கள் அளந்து அனுப்பும் கோகோராஸ் அமைப்பு 1998இல் கொலராடோவில் தொடங்கியது. உங்கள் பகுதியில் இதுபோன்ற அமைப்பு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

பலகைக்குத் துணையாகக் கறுப்புக் கம்பளித் துண்டு ஒன்றையும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றையும் வைத்திருக்கிறேன். துண்டை வெளியிலேயே குளிரவிட்டு, விழும் செதில்களை அதில் ஏந்த வேண்டும். ஜப்பானின் உகிச்சிரோ நகாயா 1936இல் ஆய்வகத்தில் பனிப்படிகத்தை வளர்த்து, வெப்பநிலையும் ஈரமும் வடிவத்தைத் தீர்மானிப்பதைக் காட்டினார். ஆறு கிளைகள் விரிந்த செதில் என்றால் மேகத்தில் மைனஸ் 15 டிகிரி அளவு. மெல்லிய ஊசிகள் என்றால் மைனஸ் 5. ஊசிகளும் நனைந்த கொத்துகளும் மட்டுமே விழுந்தால் கோடு நம் தலைக்கு மேலேதான் ஊசலாடுகிறது என்று புரிந்துகொள்வேன். கிளைச்செதில்கள் தனித்தனியாக, முனை மழுங்காமல் வந்தால், அன்று இரவு பனி தங்கும்.

தொடங்க நினைப்பவர்கள் பலகையை முதல் பொழிவுக்கு முன்பே, மரநிழலும் கூரைச்சரிவும் இல்லாத இடத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு கம்பை நட்டு வையுங்கள். பனி மூடிய பிறகு வெள்ளைப் பலகை எங்கே கிடக்கிறது என்று தேடி மிதித்தால் அன்றைய அளவே போய்விடும்.