செஸ்நட்டா, கேத்தாமா? இறக்கத்தைப் பார்த்துத் தயங்குகிறவருக்கு

செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்கு இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறேன், புலாவ் உபின் தீவில் இருக்கும் கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்கு நான்கு தடவை. இரண்டும் தேசியப் பூங்காக் கழகத்தின் பராமரிப்பில் இருக்கின்றன, இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சிங்கப்பூரில் மலைச் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டு, ஆனால் கீழே இறங்கும் பாதையைப் பார்த்ததும் வயிறு கலங்குகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் தட்டையான பாதையில் வருஷக்கணக்கில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், ஐம்பது கிலோமீட்டர் கூட அலுக்காமல் போவேன். ஆனால் முன் சக்கரம் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தவுடன் கை தானாகப் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடங்குவதற்கு செஸ்நட்தான். அங்கே தடம் சுலபம் என்பதால் இதைச் சொல்லவில்லை, சில இடங்கள் சுலபமே இல்லை. முடியாத இடத்தில் நிறுத்தலாம், இறங்கலாம், திரும்பிப் போய் அதே இடத்தை மறுபடி முயலலாம். பயம் உள்ளவருக்கு வேண்டியது அதுதான்.

81 ஹெக்டேர் பரப்பில் இங்குள்ள இயற்கைப் பூங்காக்களிலேயே பெரியது இது. தெற்குப் பகுதி 2015லும் வடக்குப் பகுதி 2016லும் திறக்கப்பட்டன. சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர், நடப்பவர்களுக்கு 5.6 கிலோமீட்டர் என்று தடங்களைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினையின் அருமை, நடப்பவர்களும் சைக்கிளும் கலந்து போகும் பாதையில் ஒரு தடவை இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பாதி இறக்கத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், நமக்கு இருக்கும் கொஞ்ச நஞ்சத் தைரியமும் அந்த ஒரு பிரேக்கில் போய்விடும். செஸ்நட்டில் கண் முழுக்கத் தடத்தின் மேல் இருக்கலாம். பின்னால் வேகமாக வருகிற ஆட்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்று, அவர்களைப் போகவிட்டுப் பிறகு கிளம்புங்கள், இதற்காக யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், அங்கே பம்ப் டிராக் ஒன்று இருக்கிறது, அதாவது மண்ணைக் குவித்து அலை அலையாக மேடு பள்ளம் செய்த சின்னச் சுற்று. பெடல் மிதிக்காமல் உடம்பை ஏற்றி இறக்கியே சைக்கிளை ஓடவைக்கும் பழக்கம் அங்கேதான் வரும். சின்னப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் பலர் வெட்கப்பட்டு அந்தப் பக்கமே போவதில்லை. போங்கள். இருபது நிமிஷம் அதில் சுற்றிவிட்டுத் தடத்துக்குள் நுழைந்த நாட்களில் என் தோள்கள் இறுகியிருக்கவில்லை.

எனக்குப் பெரிய பாடமாக இருந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். வளைவு முடிந்ததும் பாதை திடீரென்று இறங்கும், குறுக்கே மூன்று வேர்கள், ஒவ்வொன்றும் என் மணிக்கட்டை விடத் தடிமன், சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து மேல்தோல் போய் வழவழவென்று இருக்கும். முதல் நாள் பார்த்தவுடன் நின்றுவிட்டேன். கூட வந்தது என்னோடு வேலை பார்க்கும் தோழியின் தம்பி, இந்தத் தடத்தில் ஊறியவர்.

"அக்கா, இறங்கித் தள்ளிக்கிட்டே வாங்க. ஆனா தள்ளும்போது தரையை நல்லாப் பாருங்க," என்றார்.

பார்த்தேன். இடது ஓரத்தில் வேர்களுக்கு இடையே மண் நிரம்பி ஒரு கை அகலத்துக்குச் சின்னச் சரிவு இருந்தது. மேலே நின்று பார்க்கும்போது அது கண்ணுக்கே தெரியவில்லை. ஓரமாக நின்று நாலைந்து பேர் இறங்குவதைக் கவனித்தேன், எல்லோருடைய முன் சக்கரமும் அந்தச் சரிவில்தான் போனது. மூன்றாவது தடவை வந்தபோது நானும் அதில் இறங்கினேன். அன்று முதல், புதுத் தடம் எதுவாக இருந்தாலும் முதல் சுற்றில் சந்தேகமான இடங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு நடந்தே பார்த்துவிடுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் இரண்டாம் சுற்று வேறு மாதிரி இருக்கும்.

தடம் எவ்வளவு கடினம் என்று காட்ட வழிகாட்டிப் பலகைகளில் இருக்கும் நிறக் குறிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம், இரட்டைக் கருப்பு வைரம் என்பது பனிச்சறுக்கு மலைகளிலிருந்து வந்த முறை. சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் இதற்குச் சில அளவுகள் வைத்திருக்கிறது. பச்சையில், தவிர்க்க முடியாத தடை எதுவும் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சராசரிச் சரிவு ஐந்து சதவீதத்துக்குள். நீலத்தில் தடை எட்டு அங்குலம் வரை போகலாம், சரிவு பத்து சதவீதம். கருப்பில் பதினைந்து அங்குலம். எட்டு அங்குலம் என்பது அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில் ஒரு படியை விடக் கொஞ்சம் கூட. "நடுத்தரம்" என்று மொழிபெயர்த்துக்கொண்டு நீலத்துக்குள் நுழைகிறவர்கள் இந்தப் படியை ஒரு நிமிஷம் மனதில் நினைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இது சங்கம் வகுத்த அளவுகோல், ஒவ்வொரு பூங்காவும் தன் தடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறது, அதனால் ஓரிடத்து நீலமும் இன்னோரிடத்து நீலமும் ஒன்றாக இருக்காது. மழை பெய்தாலும் பலகையின் நிறம் மாறாது, தடம் மாறிவிடும். நம் ஊர்க் களிமண் நனைந்தால் வழுக்கும், நனைந்த வேர் அதைவிட மோசம். மழை விட்டு ஒரு நாளாவது வெயில் காய்ந்த பிறகுதான் நான் போகிறேன், டிசம்பர், ஜனவரியில் பெரும்பாலும் போவதே இல்லை.

நிறத்தை விட நான் நம்புவது வேறு சில கேள்விகளை. இந்தத் தடத்தின் மிக மோசமான இடம் எது, அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா? இறக்கத்தின் அடி மேலிருந்தே தெரிகிறதா, அங்கே வேகம் குறைய இடம் இருக்கிறதா, இல்லை நேராக மரத்தில் போய் முடிகிறதா? பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் தார்ச்சாலைக்கு எவ்வளவு தூரம்? தடத்தின் நீளத்தை நான் பார்ப்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் தடத்தில் ஒரே ஒரு இடம் நம் சக்திக்கு மீறியதாக இருந்தாலும், மீதி முழுக்க அந்த இடத்தை நினைத்துக்கொண்டேதான் ஓட்டுவோம்.

சரி, கேத்தாமுக்கு வருகிறேன். மலாய் மொழியில் கேத்தாம் என்றால் நண்டு. பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி 45 ஹெக்டேரில், சுமார் பத்து கிலோமீட்டர் தடத்தோடு 2008ல் திறந்தார்கள். அழகு என்று பார்த்தால் செஸ்நட் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் குவாரியில் தேங்கிய நீர், இன்னொரு பக்கம் கடல். இருவாச்சிப் பறவைகள் தலைக்கு மேல் சத்தமாகச் சிறகடித்துப் போகும். நெடுங்காலம் இங்கே காணாமல் போயிருந்த அந்தப் பறவை 1994ல் உபினில்தான் மறுபடி கண்ணில் பட்டது. ஓர் ஓரமாக நின்று அதைப் பார்ப்பதற்காகவே படகு ஏறலாம்.

ஆனால் முதல் தடமாக இதை நான் சொல்ல மாட்டேன். இங்கே குறிகள் நீலத்தில் தொடங்கி இரட்டைக் கருப்பு வரை போகின்றன. தரை இறுகிய மண்ணாக இல்லாமல், பல இடங்களில் சரளையும் கருங்கல் பொடியும் உதிர்ந்து கிடக்கும், பிரேக்கை இறுக்கினால் சக்கரம் நின்றுவிடும், சைக்கிள் நிற்காது. பயப்படுகிறவர் செய்வது பிரேக்கை இறுக்குவதுதானே, அதனால் வேர் நிறைந்த செஸ்நட்டை விட இந்தச் சரளை நமக்குக் கஷ்டம். ஏற்றங்களில் நிழல் குறைவு. உள்ளே கடை கிடையாது, தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். அடிபட்டால் படகுத்துறைக்கு வந்து, கடலைத் தாண்டித்தான் வீடு.

போகும் வழியும் சுலபமில்லை. மடக்கும் சைக்கிளை மட்டும்தான் ரயிலில் ஏற்ற முடியும், அதனால் காரில் கட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் சாங்கி வரை ஓட்டிப் போக வேண்டும். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், சைக்கிளுக்குத் தனியாகச் சில வெள்ளி கட்டணம். உபின் கிராமத்தில் வாடகைக்கு எடுக்கலாம்தான். அங்கே வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவை தீவின் சாலைகளில் சுற்றுவதற்கான சைக்கிள்கள், கேத்தாமுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். என் முதல் பயணத்தில் ஒரு கடையில் எடுத்த சைக்கிளின் பின் பிரேக் பிடி, அழுத்தினால் ஹேண்டில்பாரைப் போய்த் தொட்டது. கிராமத்துச் சாலையில் மெதுவாக வந்ததால் தெரியவில்லை. பூங்காவின் முதல் இறக்கத்தில்தான் தெரிந்தது, முன் பிரேக்கை மட்டும் நம்பிச் சரளையில் இறங்கியதில் சக்கரம் வழுக்கி, முழங்கையில் தோல் உரிந்தது. திரும்பிப் போய்ச் சொன்னபோது வேறு சைக்கிள் கொடுத்தார்கள், மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு ஓட்டை பிரேக் உள்ள சைக்கிளைக் கொடுப்பது சின்னத் தவறு இல்லை. எந்தக் கடையாக இருந்தாலும் வாசலிலேயே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளவே கூடாது. எந்தக் கைக்கு எந்தப் பிரேக் என்பதையும் பாருங்கள், சைக்கிளுக்குச் சைக்கிள் இது மாறும்.

இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற சில விஷயங்கள். இறக்கத்துக்கு முன் சீட்டை நாலு விரல் இறக்கிவிடுங்கள், உடம்பு அசைய இடம் கிடைக்கும். டயரில் காற்றைச் சாலைக்கு வைப்பது போல இறுக்கமாக வைக்காதீர்கள். காலை மாட்டிக்கொள்ளும் பெடல் வேண்டாம், சாதாரணத் தட்டைப் பெடல் போதும், சட்டென்று காலை ஊன்றலாம். "பின்னால் சாய்" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அளவுக்கு மீறிச் சாய்ந்து, முன் சக்கரத்தில் பாரமே இல்லாமல் அது போன போக்கில் போனது. குதிகாலைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, நெஞ்சைக் குனித்து நிற்பதுதான் எனக்குப் பிடி கொடுத்தது. பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மீதி விரல்கள் ஹேண்டிலில் இருக்கட்டும். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, முழங்கால் கவசமும் போடுங்கள், அது கொடுக்கும் மன தைரியம் வேறு எதிலும் வராது.

புக்கிட் தீமா தடத்தைப் பற்றியும் கேட்பார்கள். 163 மீட்டர் குன்றைச் சுற்றி சுமார் ஆறு கிலோமீட்டர், ஒரு தடவை போனேன், கல்லும் சரிவும் எனக்கு இப்போதைக்கு அதிகம்.

செஸ்நட்டின் குறைகள் என்றால், வார இறுதியில் எட்டு மணிக்கு மேல் போனால் கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், கூட்டத்தில் நம் வேகத்துக்கு ஓட்டவும் முடியாது. பிரியும் இடங்களில் சில சமயம் எந்தப் பக்கம் எந்த நிறம் என்று ஒரு கணம் குழப்பம் வரும், அங்கே இறங்கி நின்று பலகையைப் படித்துவிட்டுப் போவதே மேல், ஓட்டிக்கொண்டே முடிவு எடுத்தால் வேண்டாத இறக்கத்தில் போய் நிற்போம். கேத்தாமுக்கு நீலத் தடத்தை மட்டும் ஓட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். கருப்பு வைரப் பலகை வந்ததும் திரும்பி வந்த நாள் எனக்கு இரண்டு உண்டு, அந்த இரண்டு நாளும் நிறைவாகத்தான் வீடு திரும்பினேன்.

செஸ்நட்டில் ஓர் இடத்தை மட்டும் இன்னும் தள்ளிக்கொண்டுதான் போகிறேன், இறக்கத்தின் அடி மேலிருந்து தெரியாத ஒரு வளைவு. அடுத்த செவ்வாய் காலை விடுப்பு போட்டிருக்கிறேன், அன்று வேறு எங்கும் போகாமல் அங்கேயே அரை மணி நேரம் நின்று, இறங்குகிறவர்களின் முன் சக்கரத்தைப் பார்க்கப் போகிறேன்.