ஸ்டிரிம்வெலிஸ்: மருந்து அருமை, எட்டாத தூரத்தில் இருக்கிறது

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. குறைத்தது மருந்துக்காக அல்ல, அது கிடைக்கும் விதத்துக்காக.

நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். ஏடிஏ என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குச் சாதாரணச் சளியே எமன். உடலில் நச்சு சேர்ந்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அழிந்துவிடும். வாய்ப்புண், நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று ஒன்று விட்டால் ஒன்று வரும். எடை மட்டும் ஏறாது.

இந்த நோய்க்காக 2016-ல் ஐரோப்பா அனுமதித்த மரபணுச் சிகிச்சைதான் ஸ்டிரிம்வெலிஸ். இதில் குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை, எடுக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் மூலம் அவற்றில் சரியான மரபணுவைச் சேர்த்து, நரம்பு வழியே திருப்பி ஏற்றுகிறார்கள். ஒரே முறைதான். சொந்தச் செல் என்பதால், கொடையாளரின் செல்கள் உடலைத் தாக்கும் அபாயம் இல்லை. ஆய்வில் சிகிச்சை பெற்ற 18 குழந்தைகளும் உயிர் பிழைத்தார்கள்; சிலருக்கு மட்டும் வேறு சிகிச்சையும் தேவைப்பட்டது. கைக்குழந்தைகளின் மூச்சுத் திணறலைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த 18 என்ற எண்ணைப் படித்தபோது கண் கலங்கியது.

அச்சமும் உண்டு. இதே வகை வைரஸைப் பயன்படுத்திய பாரிஸ், லண்டன் ஆய்வுகளில், வேறொரு எதிர்ப்பாற்றல் குறைபாடு கொண்ட சிறுவர்கள் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஸ்டிரிம்வெலிஸ் பெற்ற ஒருவருக்கும் வந்ததாக 2020-ல் அறிவித்தார்கள். லென்டிவைரஸ் என்ற வேறு வகை வைரஸ் கொண்டு இதே ஏடிஏ நோய்க்குச் செய்த புதிய முறையில் 50 குழந்தைகளும் பிழைத்ததாக 2021-ல் அறிக்கை வந்தது. ஆனால் அதைக் கையில் வைத்திருந்த நிறுவனம் பாதியில் விட்டுவிட்டது. அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அறிமுகமானபோது ஸ்டிரிம்வெலிஸின் விலை 5,94,000 யூரோ. தயாரித்த பின் ஆறு மணி நேரமே தாங்கும் என்பதால், இத்தாலியின் மிலன் நகரிலுள்ள சான் ரஃபேல் மருத்துவமனைக்கே போக வேண்டும். கிளாக்ஸோ என்ற மருந்து நிறுவனத்திடமிருந்து ஆர்ச்சர்டு என்ற நிறுவனத்துக்குக் கைமாறி, கடைசியில் டெலிதோன் என்ற இத்தாலிய அறக்கட்டளை 2023-ல் பொறுப்பேற்றது. விற்பனைக் கணக்குப் பார்க்காத அந்தக் கைகளில் இருப்பதே நல்லது.

பெற்றோருக்கு ஒன்று: உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்; பொருந்தினால் மிலன் தேவையில்லை. வீட்டில் முன்பு ஒரு குழந்தை தொற்றால் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.