பூட்டிய பாட்டு, திறந்த கோப்பு, மாதச் சந்தா: நீலகிரியில் எது பொருந்தும்?

நகல் தடுப்புப் பூட்டுடன் விற்கப்படும் பாடல் கோப்பு, பூட்டில்லாத கோப்பு, மாதச் சந்தா ஆகியவற்றுள் எது நல்லது என்ற கேள்விக்குச் சமவெளியில் இருப்பவரும் நீலகிரியில் இருப்பவரும் ஒரே விடையைச் சொல்ல இயலாது. மழைக்காலத்தில் மண் சரிந்து மரம் விழுந்தால், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் மின்சாரமும் இணையமும் அற்றுப்போவதுண்டு; காசு கொடுத்து வாங்கிய பாட்டு யார் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

பூட்டிய கோப்பைத் திறக்க, விற்றவரின் சேவையகம், அதாவது அவருடைய இணையக் கணினி, தரும் மின்னணுச் சாவி வேண்டும். 2003-இல் ஆப்பிள் தொடங்கிய ஐடியூன்ஸ் என்ற இணையக் கடையில் பூட்டிய பாட்டு ஒன்றின் விலை 99 சென்ட்டாக இருந்தது. முதலில் மூன்று, பிறகு ஐந்து கணினிகளில் அதைக் கேட்க முடிந்தது. ஓரளவு தாராளமான ஏற்பாடுதான். ஆனால் எம்.எஸ்.என். மியூசிக் என்ற தன் இணையப் பாட்டுக் கடையை மூடிவிட்ட மைக்ரோசாஃப்ட், சாவி தரும் சேவையகத்தையும் 2008 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, புதுக் கணினிக்கு மாறுபவருக்குத் தாம் வாங்கிய பாட்டே திறக்காது என்ற நிலை வந்தது. எதிர்ப்பு எழுந்ததால் கெடு தள்ளிப்போனது, குறை தீரவில்லை.

பூட்டை ஆதரிப்பவரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. படுக மொழியில் பாடல் வெளியிடுபவருக்கு வாங்குவோர் வட்டமே சிறியது. ஒருவர் வாங்கி ஊர் முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுத்த பணம்கூடத் திரும்பாது. இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. பூட்டு அதற்கு மருந்தாகுமா என்பதே என் ஐயம். 2006-இல் இணையத்தில் பூட்டுடன் விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு என்றும், குறுந்தகடுகளில் பூட்டின்றி விற்றவை 2,000 கோடிக்கும் மேல் என்றும் ஆப்பிளின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எழுதினார். அதே பாட்டு குறுந்தகட்டில் திறந்தே கிடைத்த நிலையில், இணையத்தில் நேர்மையாக வாங்கியவருக்குத்தான் பூட்டு தொல்லையாக இருந்தது.

2007 மே மாதம் இ.எம்.ஐ. என்ற இசை நிறுவனத்தின் பாடல்கள் 1.29 டாலருக்குப் பூட்டின்றி, இருமடங்கு பிட் வீதத்தில், அதாவது கூடுதல் ஒலித்தரத்தில், ஐடியூன்ஸில் வந்தன. 2009-இல் அக்கடையின் பாடல்கள் அனைத்திலிருந்தும் பூட்டு நீங்கியது. அந்தத் திறந்த கோப்புகளுக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிந்திருந்தன. அழிக்கத் தெரிந்தவர் அதை அழித்துவிடலாம் என்றாலும், கண்டவருக்கெல்லாம் அனுப்பச் சற்றே தயங்க வைக்கும் இந்த அடையாளம், வாங்கியவர் கேட்பதற்கு எந்தத் தடையும் போடுவதில்லை. சிறு வட்டத்துக்குள் விற்கும் கலைஞருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்களில் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு.

சந்தாவிலோ பழைய பூட்டு வேறு உருவில் தொடர்கிறது. ஸ்பாட்டிஃபை என்ற சந்தாச் சேவையில் இறக்கி வைத்த பாடல்கள் நிலைக்க, 30 நாளுக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு இணைய வேண்டும். கட்டணம் நின்றால் அவையும் போய்விடும். புதிய பாடல்களைத் தேடிக் கேட்கச் சந்தா போதும். ஊர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஆண்டுதோறும் ஒலிக்க வேண்டிய பாட்டைத் திறந்த கோப்பாக விலைக்கு வாங்கி, பென்டிரைவில் இன்னொரு நகலும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.