குட்டி வாசல் வைத்த கோழிக்கூண்டு: மூன்று மாத உபயோகத்திற்குப் பிறகு

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கொல்லையில் ஏழு நாட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்கின்றன. சென்ற பங்குனிக் கடைசியில், அடையில் இருந்த பெட்டையைக் கீரி கொண்டுபோய்விட்டதால், ஒருநாள் வயதுக் குஞ்சுகள் பன்னிரண்டை விலைக்கு வாங்கி வளர்க்க வேண்டியதாயிற்று. தாயோடு திரியும் குஞ்சின் அருகே மற்றக் கோழி எதுவும் வராது. வந்தால் தாய் சிறகை விரித்துக்கொண்டு பாயும். அந்தக் காவல் இல்லாத குஞ்சுகளை வளர்ந்த கோழிகளுக்கு நடுவே எப்படி விடுவது என்ற கவலையில்தான், காரைக்குடிக்கு வெளியே ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து இந்தக் கூண்டைச் செய்து வாங்கினேன். விலை 7,400 ரூபாய், வண்டிக்கூலி தனி.

ஆறடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி உயரம். ஆங்கிள் சட்டத்தில் கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்டது. நடுவில் கழற்றி மாட்டக்கூடிய வலைத் தடுப்பு ஒன்று இருக்கிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, முன்பக்கத்தின் அடியில் நான் கேட்டு வைத்துக்கொண்ட குட்டி வாசல். நான்கு அங்குல அகலமும் ஐந்து அங்குல உயரமும் உள்ள அந்த வாசலில் குஞ்சு நுழைந்துவிடும், பெட்டை நுழைய முடியாது. குஞ்சு வளர வளர அகலத்தைக் கூட்டிக்கொள்ள, பக்கவாட்டில் நகரும் தகடு ஒன்றையும் பட்டறைக்காரர் தாமாகவே யோசித்து வைத்துக் கொடுத்தார். கூண்டு முழுவதிலும் மிக நேர்த்தியான வேலை அதுதான்.

முதல் நான்கு வாரம் கூண்டுக்கு வேலையில்லை. குஞ்சுகள் பின்கட்டில் ஒரு மூலையில், பல்பு வெளிச்சத்தில் இருந்தன. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம் என்பது கணக்கு. சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் குஞ்சுகளை அப்படியே விட்டால் கால் வழுக்கி இருபக்கமும் அகன்று, பிறகு நிமிராமலே போய்விடும் என்பதால், சாக்கு விரித்து அதன்மேல் உமி பரப்பினேன். இந்த நான்கு வாரமும் ஒதுக்கி வைத்ததாகவும் ஆயிற்று: வெளியிலிருந்து வந்த குஞ்சுகள் நோய் ஏதும் கொண்டுவந்திருந்தால் அது கொல்லைக் கோழிகளுக்குப் போகாமல் தெரிந்துவிடும். வெள்ளைக் கழிச்சல் என்ற கொள்ளைநோய் வராமலிருக்க ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்தும் நான்காம் வாரம் அதையே இன்னொரு முறையும் கொடுத்த பிறகுதான் குஞ்சுகளைக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன்.

கொல்லையில், கோழிகள் வழக்கமாக இரை பொறுக்கும் வேப்பமரத்தடியிலேயே கூண்டை வைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு அப்பு இவ்வளவு காசு? ராத்திரி இருட்டுல கூட்டுக்குள்ள விட்டுட்டா, விடிஞ்சா எல்லாம் ஒண்ணாயிடும்" என்றார்கள். வளர்ந்த கோழியை வாங்கிவந்து சேர்ப்பவர்களுக்கு ஆச்சி சொன்ன வழி ஓரளவு பலிக்கும், நானே செய்திருக்கிறேன். நான்கு வாரக் குஞ்சுக்கு அது பொருந்தாது. விடிந்ததும் கொத்து வாங்கினால் ஓடி ஒளிய அதற்கு இடமும் இல்லை, திருப்பிக் கொத்த உடம்பும் இல்லை. கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் மேல்கொம்பில் அடைவது என்று ஒரு வரிசை உண்டு. புதிதாக ஒன்று வந்தால் வரிசை முழுவதும் கலைந்து மறுபடி அமைய வேண்டும், அந்தக் கலைப்பில்தான் குஞ்சு சாகிறது. கண்ணால் பார்த்துப் பழகவும், கொத்து மட்டும் எட்டாமல் இருக்கவும் ஒரு வலை நடுவே இருந்தால், அந்தக் கோபத்தில் பாதி இரத்தமில்லாமலே தீர்ந்துவிடுகிறது.

முதல் மூன்று நாள் பெட்டைகள் வலையை விடாமல் கொத்தின. வலைக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் நொய்யும் கம்பும் தூவினேன். ஒரு வாரத்தில் இரண்டு கூட்டமும் அருகருகே நின்று பொறுக்கத் தொடங்கின. சேவல் எதையும் கண்டுகொள்ளவில்லை. அதிகம் சீறியது வரிசையில் கடைசியாக இருந்த, தானே எல்லாரிடமும் கொத்து வாங்கும் கறுப்புப் பெட்டை. ஆகவே சாதுவான செவலைப் பெட்டையை முதலில் கூண்டுக்குள், நடுத்தடுப்புக்கு மறுபுறம் நான்கு நாள் விட்டு, பிறகு தடுப்பைக் கழற்றினேன். ஆறாம் வாரம் குட்டி வாசலைத் திறந்தேன். அடைவதற்கு முன் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் குஞ்சுகள் வெளியே வந்தன. கறுப்புப் பெட்டை துரத்திய ஒவ்வொரு முறையும் பன்னிரண்டும் அந்தச் சின்ன வாசலுக்குள் சரசரவென்று புகுந்து மறைந்ததைப் பார்த்தபோது, கொடுத்த பணம் முழுவதும் அந்த ஒரு வாசலுக்கே தகும் என்று தோன்றியது.

தீவன விஷயத்திலும் அந்த வாசல்தான் உதவியது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய மூன்றரை விழுக்காடு இருக்கும். குஞ்சுக்கு ஒரு விழுக்காடே போதும், மிகுந்தால் சிறுநீரகம் கெடும். குஞ்சுத் தீவனம் கூண்டுக்குள் மட்டும் இருந்ததால் பெட்டைகள் அதைத் தின்று தீர்க்கவில்லை. பெட்டைகளுக்கு வளர்பருவத் தீவனமும் தனிச் சட்டியில் கிளிஞ்சல் தூளும் வைத்தேன். வளர்பருவத் தீவனத்தில் சுண்ணாம்பு குறைவு என்பதால், குஞ்சுகள் வெளியே வந்து அதைப் பொறுக்கினாலும் கெடுதல் இல்லை.

இனிக் குறைகள். வலை முழுவதும் அரை அங்குலக் கண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன். வந்தது ஒரு அங்குலக் கண். இரண்டாம் நாளே ஒரு குஞ்சு தலையை வெளியே நீட்டி, உச்சியில் கொத்து வாங்கிவிட்டது. சிவப்பைக் கண்டால் மற்றக் குஞ்சுகளும் அங்கேயே கொத்தும் என்பதால் அதைத் தனியே எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி ஐந்து நாள் வைத்திருந்தேன், பிழைத்துக்கொண்டது. ஒரு அங்குலக் கண்ணில் சிறு பாம்பும் நுழையும், நம் கொல்லைகளில் இது அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. மேல்தகரம் அக்கினி நட்சத்திர நாட்களில் அடுப்புபோலக் காய்ந்தது. தென்னங்கீற்று போட்டு நனைத்துவிட வேண்டியிருந்தது. நனைத்த தண்ணீர் உள்ளே சொட்டி உமி ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும் என்பதால், அதையும் நாள்தோறும் கிளறிப் பார்க்க வேண்டியிருந்தது. கதவின் கொண்டி மெல்லியது, கீரியின் மூக்குக்கே தூக்கிக்கொள்ளும், பூட்டு போட்டேன்.

கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: தாய்க்கோழி இருந்தால் போதும், இந்தக் கூண்டு வேண்டவே வேண்டாம். மூங்கில் பஞ்சாரம் பருந்திடமிருந்து பகலில் காக்கும். இரவில் கீரி அதைப் புரட்டிவிடும், இரண்டு வாரம் குஞ்சுகளை உள்ளேயே வைத்திருக்க இடமும் பற்றாது.

எட்டாம் வாரம் இறக்கையில் வெள்ளைக் கழிச்சல் ஊசி போட்டேன். பதினோராம் வாரத்திலிருந்து பன்னிரண்டும் பெரிய கூட்டில், கீழ்க்கொம்பில் அடைகின்றன. வலைத் தவற்றைப் பட்டறையில் சொன்னபோது மறுக்காமல் ஆள் அனுப்பி, கீழ் ஒன்றரை அடிக்கு அரை அங்குல வலையைப் பழைய வலையின் மேலேயே வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். வலைக்கு மட்டும் 650 ரூபாய் வாங்கினார்கள், கூலி வாங்கவில்லை. நீங்கள் சொல்லிச் செய்வதானால் வலையின் கண்ணை அங்கேயே அளந்து பார்த்த பிறகே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், தகரத்துக்குப் பதில் கீற்று வேயும்படி சட்டம் மட்டும் கேளுங்கள், குட்டி வாசலை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.