சிஎல்டி மரக் கட்டடங்கள், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து: தீயைக் கேட்கிறார்கள், குளியலறையைக் கேட்பதில்லை

லண்டன் ஹாக்னியில் மரே குரோவ் தெருவில் நிற்கும் ஒன்பது மாடி ஸ்டாட்ஹவுஸ் 2009-இல் முடிந்தது. தரைத்தளம் மட்டும் கான்கிரீட்; அதற்கு மேல் எட்டு மாடிக்கும் சுவர், தளம், லிஃப்ட் குழி எல்லாமே மரப்பலகை. நார்வேயின் பெர்கனில் 14 மாடி ட்ரீட் 2015-இல் வந்தது. வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 18 மாடி மாணவர் விடுதி பிராக் காமன்ஸ் 2017. நார்வேயின் புரூமுன்டாலில் 85.4 மீட்டர் உயர மியோஸ்டார்னெட் 2019. அமெரிக்காவின் மில்வாக்கியில் அசென்ட் 25 மாடி, 2022. "புதுச் சரக்கு, கொஞ்சம் போகட்டும் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஆட்கள் குடியிருந்து, சமைத்து, குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோன கட்டடங்கள்தான் இவை.

இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் தெரிவது இதுதான்: மரம் தன் வேலையைச் செய்கிறது. தொல்லை வருவதெல்லாம் தண்ணீர் புகும் இடத்திலும், ஒரு மரம் இன்னொன்றோடு சேரும் இடத்திலும்.

பெயரை முதலில் பிரித்துக்கொள்வோம். சிஎல்டி (கிராஸ் லேமினேட்டட் டிம்பர்) என்பது பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்கிலும் அடுத்த அடுக்கு குறுக்கிலும் பரப்பிப் பசையிட்டு அழுத்திய கனத்த தகடு. மூன்று, ஐந்து, ஏழு அடுக்கு என வரும். சுவருக்கும் தளத்துக்கும் அது. குளூலம் என்பதும் பசையிட்டு அடுக்கிய மரம்தான், ஆனால் அதில் எல்லாப் பலகையும் ஒரே நாரோட்டத்தில் இருக்கும். தூணுக்கும் உத்தரத்துக்கும் அது. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். நம் தேக்குபோல வைரம் பாய்ந்த மரம் இல்லை, மென்மரம். கன மீட்டருக்கு 480 கிலோ அளவில்தான் எடை, கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த லேசான எடைதான் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்துத் தருகிறது. காற்றாட்டத்திலும் சத்தத்திலும் கைக்கடிப்பதும் இதே லேசு எடைதான்.

தீயைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இதற்குக் கணக்கு இருக்கிறது. கனத்த மரம் பற்றினால் மேலே கரி படிந்து, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. மரக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய விதியான யூரோகோடு 5 கணக்கில் குளூலம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கரியாகும், சூட்டில் வலுவிழக்கும் 7 மி.மீ. அடுக்கை அதோடு கூட்டிக் கழிக்க வேண்டும். 300 மி.மீ. சதுரத் தூண் நாலு பக்கமும் ஒரு மணி நேரம் எரிந்தால் பக்கத்துக்கு 49 மி.மீ. போய் 202 மி.மீ. சதுரம் மிஞ்சும், பரப்பில் 45 சதவீதம். இரண்டு மணி நேரம் என்றால் 118 மி.மீ.தான் மிச்சம், பரப்பில் 15 சதவீதம். உயரக் கட்டடத் தூண்கள் ஏன் அவ்வளவு பருமனாக இருக்கின்றன என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. மியோஸ்டார்னெட்டின் முதன்மைச் சட்டகம் இரண்டு மணி நேரத்துக்கு வடிவமைத்தது.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது பசை. பழைய வகைப் பாலியூரித்தேன் பசை சூட்டில் இளகும். கரி முனை பசைக்கோட்டை நெருங்கியதும் வெளி அடுக்கு பலகை பலகையாகக் கீழே விழும், கவசம் இல்லாத புது மரம் தீக்கு முகம் காட்டும், தணிந்துகொண்டிருந்த தீ மறுபடி எழும். சிஎல்டிக்கான அமெரிக்காவின் பிஆர்ஜி 320 தரநிலை 2018 பதிப்பில் சூடு தாங்கும் பசையைக் கட்டாயமாக்கியது இதனால்தான். உங்கள் கட்டடம் அதற்கு முந்தையதா, கூரைப்பக்கம் மரம் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் "ஆம்" என்றால் ஸ்பிரிங்க்லர் (தீ எழுந்தால் தானே தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) பராமரிப்பில் ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது. இரண்டாவது, தீ அணைந்த பிறகு. கரிக்குள் இருக்கும் சூடு மணிக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சூடேற்றுவதை நிறுத்திய பிறகு தூண் முறிந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் தீயணைப்பு வண்டி கிளம்பியதும் ஆட்களை உள்ளே விடுவது தவறு; பலகை இணைப்புகளிலும் குழாய் நுழையும் ஓட்டைகளிலும் வெப்பக் கேமராவால் தடவிப் பார்த்தால்தான் உள்கனல் தெரியும்.

சட்டம் இதைத் தன் வழியில் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிநூலான ஐபிசியின் 2021 பதிப்புப்படி 18 மாடிக்குப் போனால் மரம் முழுக்க ஜிப்சம் போர்டுக்குள் இருக்க வேண்டும். 12 மாடிவரை ஒரு பகுதி திறந்திருக்கலாம். 9 மாடிவரை பெரும்பாலும் திறந்திருக்கலாம். இங்கிலாந்து 2018 டிசம்பரில் 18 மீட்டரைத் தாண்டும் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளைத் தடை செய்தது. மரே குரோவ் கட்டடத்தை இன்று அதே வெளிச்சுவரோடு அங்கே கட்ட முடியாது. மர அழகுக்காகக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு ஜிப்சம் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று குடியிருப்பவர்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனாலும் பிராக் காமன்ஸ்போல நானூறு மாணவர்கள் தூங்கும் இடத்தில் மூடியதே சரி என்பது என் கருத்து.

இனி தண்ணீர்.

ஆலையிலிருந்து வரும்போது சிஎல்டியின் ஈரப்பதம் 12 சதவீதம், இரண்டு கூடக் குறைய. குடியேறிச் சூடாக்கியை ஓடவிட்ட ஓரிரு குளிர்காலத்தில் 8 அளவுக்கு இறங்கும். நாள்பட 20-க்கு மேல் நின்றால் பூஞ்சைக்கு அழைப்பு; 26, 28-க்குப் போய்விட்டால் மரம் மக்கத் தொடங்கும். ஒரு நாள் நனைந்து காய்ந்தால் ஒன்றும் ஆகாது. நனைந்தது தெரியாமல் இருப்பதுதான் கேடு. சிஎல்டியில் அது எளிதில் தெரியாது.

குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழிருந்து மேலாக: 160 மி.மீ. சிஎல்டி தளம், சத்தம் குறைக்கும் மெத்தை அடுக்கு, 50 மி.மீ. ஸ்கிரீட் (சமன்படுத்தும் சாந்து அடுக்கு), வாட்டர்புரூஃபிங், டைல். ஷவர் வடிகாலைச் சுற்றியுள்ள சீலன்ட் ஏழெட்டு ஆண்டில் சுருங்கி மயிரிழை விடும். தண்ணீர் ஸ்கிரீட்டுக்குக் கீழே இறங்கி மெத்தை அடுக்கில் தேங்கும். அங்கிருந்து நேராகக் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டினால் நல்லகாலம். அப்படி நடப்பது குறைவு. மேல் அடுக்கின் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஓடி, அடுத்த அடுக்கின் குறுக்கு இடுக்கில் திரும்பி, நாலைந்து மீட்டர் தள்ளி ஏதோ ஒரு சுவர் மூலையில் மஞ்சள் கறையாக வெளிப்படும். கறை தெரிந்த இடத்தை உடைத்துப் பார்ப்பவர்கள் முதல் தடவை ஏமாறுவது இப்படித்தான். கான்கிரீட் தளத்தில் இதே ஒழுகல் அசிங்கம், அவ்வளவுதான். இங்கே தளமே தாங்கும் உறுப்பு.

அளந்து பார்க்கும் முறை: பக்கம் உறையிட்ட நீள ஊசி உள்ள மின்தடை மாயிஸ்சர் மீட்டர் வேண்டும். சாதாரண ஊசி மேல்தோலை மட்டும் படிக்கும். கூரைப்பக்கத்திலிருந்து 20, 60, 100 மி.மீ. என மூன்று ஆழத்தில் எடுங்கள். மரவகையையும் வெப்பநிலையையும் மீட்டரில் சரியாக வைக்காவிட்டால் இரண்டு மூன்று சதவீதம் தப்பாகக் காட்டும். பசைக்கோட்டில் ஊசி நின்றாலும் அளவு தாறுமாறாகும், ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்துங்கள். 16-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். 16 முதல் 20 என்றால் மாதம் ஒருமுறை அதே துளையில் எடுத்து எழுதிவையுங்கள். 20-ஐத் தாண்டினால் ஒழுகலைத் தேடுங்கள். 25 என்றால் டைலைப் பெயர்த்துத் திறப்பதைத் தவிர வழியில்லை. ஆழத்துக்கு ஆழம் ஈரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லும். தனி எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

காயவைக்கும்போது அவசரப்பட்டு ஹீட்டரை முறுக்கிவிடுவார்கள். மேல்தோல் சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், பலகை வாய் பிளக்கும். ஈரமுறிஞ்சியும் காற்றோட்டமும் மட்டும் போதும், அதுவும் வாரக்கணக்கு. புது வீடு கட்டுகிறவர்கள் குளியலறைத் தளத்துக்கடியில் கசிவு உணரியும், சிஎல்டிக்கு நேர் மேலேயே இரண்டாவதாக ஒரு நீர்த்தடுப்பு அடுக்கும், அதற்கென்று ஒரு வடிகாலும் கேளுங்கள். பின்னால் தளத்தைத் திறக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஈரத்தோடு ஒட்டிப் பிறந்தது அசைவு. மரம் நாருக்குக் குறுக்கே, ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் சுமார் 0.25 சதவீதம் சுருங்கும். நாருக்கு நேராக 0.01 சதவீதம்தான். சுவர்மேல் தளம், தளத்தின்மேல் சுவர் என்று அடுக்கிய எட்டு மாடிக் கட்டடத்தில் 150 மி.மீ. தளங்கள் எட்டும் சேர்ந்து 1.2 மீட்டர் குறுக்கு மரம். ஈரம் 12-லிருந்து 8-க்கு இறங்கினால் அந்த 1.2 மீட்டர் 12 மி.மீ. சுருங்கும். இருபத்தொரு மீட்டர் உயர நேர்நார் மரம்கூட அதே சமயத்தில் 8, 9 மி.மீ.தான் சுருங்கும். மேல்மாடிக் கதவு உரசுவதும், கழிவுநீர்ச் செங்குத்துக் குழாயின் கிளாம்ப் வளைவதும், செங்கல் முகப்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் இடையே சீலன்ட் கிழிவதும் இதனால். பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டில் நடந்து முடியும். அதன்பின் பாரத்தால் வரும் மெதுவான தொய்வு மட்டும் நடக்கும். பிராக் காமன்ஸில் இதற்கு வழி செய்தார்கள்: தூணின் தலையும் மேல்தூணின் அடியும் எஃகு இணைப்பில் நேருக்கு நேர் உட்காரும்; தளப்பலகை அந்தப் பாரத்தின் பாதையிலேயே இல்லை. ஆனால் லிஃப்ட் குழி கான்கிரீட். அது மரத்தளவு குறுகாது. அதனால் லிஃப்ட் வாசலில் தளமட்டம் மாறுகிறதா என்பதை ஆண்டுதோறும் பார்ப்பது இந்த வகைக் கட்டடங்களில் கட்டாய வேலை.

இணைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது எஃகுத் தகட்டின் ஓரம். 400 மி.மீ. உயரத் தகட்டை மேலும் கீழும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் மரம் அந்த உயரத்தில் 4 மி.மீ. சுருங்கப் பார்க்கும், துளையில் போல்ட் அசைய இடம் 1 மி.மீ.தான். மீதி 3 மி.மீ.க்கு மரம் எங்கே போகும்? போல்ட் வரிசையோடு பிளக்கும். ஒரு வரிசைக்கு நீளத் துளை போட்டிருந்தால் இந்த வேதனை இல்லை. உத்தரத்தில் தெரியும் பிளவுகளையும் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். காய்ந்த வெடிப்பு நாரோடு வளைந்து நெளிந்து போகும், ஆழம் உத்தரத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் என்றால் பொதுவாகப் பயமில்லை. பசை விட்டது ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல நேர்கோடாக, பலகை சேரும் இடத்தில் மட்டும் இருக்கும், 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே போய், டார்ச் அடித்தால் உட்பக்கம் பசை பளபளக்கும். இது தென்பட்டால் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 2006 ஜனவரி 2-ஆம் தேதி ஜெர்மனியின் பாட் ரைஷென்ஹாலில் பனிச்சறுக்கு அரங்கின் மரக்கூரை விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஈரம் தாங்காத யூரியாப் பசை, கணக்கில் பிழை, பல்லாண்டாக முறையான சோதனை இல்லாமை, மூன்றும் சேர்ந்த விளைவு. நார்வேயில் 2012-இல் கட்டிய ட்ரெட்டன் பாலம் 2022 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஒரு லாரியும் ஒரு காரும் மேலே இருக்கும்போதே சரிந்தது, ஓட்டுநர்கள் உயிர் தப்பினார்கள். அங்கே டவல்கள் (மரத்தையும் தகட்டையும் கோக்கும் எஃகு முளைகள்) முறியவில்லை, தகடும் அறுபடவில்லை. டவல்கள் குத்தியிருந்த மரப்பகுதி மொத்தமும் ஒரு கட்டியாகப் பெயர்ந்து வந்துவிட்டது. டவல் எண்ணிக்கையைக் கூட்டினால் இணைப்பு வலுக்கும் என்ற நினைப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது. மரத்துக்குள் தகடு செருகி டவல் அடிக்கும் இந்த முறைதான் உயர மரக் கட்டடங்களிலும் புழங்குகிறது. ஆகவே வடிவமைப்புக் கோப்பில் கட்டி பெயர்தலுக்குக் கணக்கு இருக்கிறதா என்று குடியிருப்போர் சங்கமே கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

நிலநடுக்கத்தில் இவை நல்ல பெயர் எடுத்திருக்கின்றன. 2007-இல் ஜப்பானின் ஈ-டிஃபென்ஸ் நிலநடுக்கச் சோதனை மேடையில் ஏழு மாடி சிஎல்டி கட்டடத்தைக் கோபே நிலநடுக்கத்தின் அதிர்வில் குலுக்கினார்கள். 2023-இல் சான் டியாகோவில் பத்து மாடியைக் குலுக்கினார்கள். இரண்டும் நின்றன. வழக்கமான சிஎல்டி கட்டடத்தில் அதிர்வின் ஆற்றலைத் தின்பது பலகை இல்லை, சுவரடி எஃகுப் பிடிகளும் ஆணிகளும். பெரிய அதிர்வுக்குப் பிறகு ஜிப்சம் போர்டைக் கழற்றி ஆணித்தலை வெளியே எழும்பியிருக்கிறதா என்று பார்க்காமல் "மரம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது.

காற்றுக்கு லேசு எடை பகை. மியோஸ்டார்னெட்டின் மேல் ஏழு தளங்களைக் கான்கிரீட்டில் போட்டதே ஆட்டத்தை அடக்கத்தான். உச்சியில் 140 மி.மீ. வரை அசையலாம் என்பது கணக்கு. சத்தமும் அப்படியே: 160 மி.மீ. சிஎல்டி சதுர மீட்டருக்கு 77 கிலோ, 150 மி.மீ. கான்கிரீட் 360. மாடிவீட்டுப் பிள்ளை ஓடினால் கேட்கும். ஸ்கிரீட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஓரப் பட்டையை டைல்காரர் வெட்டி எறிந்துவிட்டுச் சாந்து நிரப்பினால் மெத்தை அடுக்குக்குக் கொடுத்த காசு வீண். சத்தப் புகார் வந்தால் முதலில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி இதைப் பாருங்கள்.

சிங்கப்பூர், சென்னை மாதிரி ஊர்களில் கணக்கே வேறு. 20 டிகிரி, 65 சதவீதக் காற்றீரத்தில் மரம் 12-இல் நிலைக்கும். 30 டிகிரி, 85 சதவீதத்தில் 17, 18-இல் நிற்கும். ஒழுகல் இல்லாமலேயே எச்சரிக்கை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கையா போன்ற பெரிய மரக் கட்டடம் சிங்கப்பூரில் நிற்கிறது, கட்ட முடியாது என்றில்லை. ஆனால் ஏசி ஓடும் அறைக்கும் திறந்த தாழ்வாரத்துக்கும் இடையே உள்ள சுவரில், குளிர்ந்த பக்கத்தின் பின்னால் வெளிக்காற்று கசிந்தால் வியர்க்கும். அங்கேதான் பூஞ்சை முதலில் பூக்கும். கரையானுக்குத் தரைத்தளம் கான்கிரீட், குழாய் நுழையும் இடமெல்லாம் எஃகு வலை, போரேட் (பூச்சியைத் தடுக்கும் உப்பு) ஏற்றிய மரம் என்று மூன்றும் வேண்டும். கரையானின் மண்பாதை தெரிவதற்காகக் கான்கிரீட்டுக்கும் முதல் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் பூசாமல் விட வேண்டும். அழகுக்காக அதை மூடச் சொல்லி யாராவது வருவார்கள், விடாதீர்கள்.